ரப்பர் விளையில் மழைக்காட்டை மீட்டெடுத்தல்: ஒரு செய்முறைப் பதிவு

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குச் செல்லும் பாதையை ஒட்டிய மலைச்சரிவில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் ரப்பர் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலை ஒட்டிக் கடந்தபோது, விளையின் கீழ்ப்பாகத்தில் நின்ற மரங்கள் பெரும்பாலும் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் போயின. விழுந்த தடிகளை விற்று முடித்த பிறகு, அந்த இடத்தில் மறுபடியும் ரப்பர் ஒட்டுக்கன்று வைப்பதில்லை என்றும், இந்த மலையடிவாரத்தில் ரப்பருக்கு முன்பு நின்ற மழைக்காட்டு மரங்களையே வளர்ப்பது என்றும் வீட்டில் பேசி முடிவெடுத்தோம். அந்த வேலை எந்த வரிசையில் நடந்தது, எது பலன் தந்தது என்பதை, இதே போன்ற நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். ஓரிடத்தில் காட்டை அழித்துவிட்டு வேறோரிடத்தில் ஈடாக மரம் நட்டுக்கொள்ளலாம் என்று சொல்வது எவ்வளவு பொருந்தாத பேச்சு என்பதும் இந்த வேலையில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. அதற்கான காரணம் பெரும்பாலும் விதையில் இருக்கிறது என்பதால், பதிவில் விதைக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

நிலத்தின் மேல் எல்லையில் ஓர் ஓடை ஓடுகிறது. ஓடைக்கு அப்பால் தொடங்கும் காடு, அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் தென்கோடிப் பகுதியைச் சேர்ந்தது. அந்தக் காப்பகம் 2001-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நன்றாகப் பெய்யும் இடங்கள் குறைவு. குமரி மாவட்டத்தின் மலைப்பகுதி அவற்றுள் ஒன்று. உயரம் குறைந்த இந்தச் சரிவுகளில் ஒரு காலத்தில் வெள்ளைக் குங்கிலியம், தம்பகம், நாங்கு, அயனி, காட்டு ஜாதிக்காய் போன்றவை ஓங்கி நின்ற பசுமை மாறாக் காடு இருந்தது. உச்சிமலைக் காடுகள் எட்டாத உயரத்தில் இருந்ததால் ஓரளவு தப்பின. அடிவாரக் காடோ சாலைக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் இருந்ததால், தேக்குக்கும் ரப்பருக்கும் கிராம்புக்கும் முதலில் இடம் கொடுத்தது. இன்று அது பெரும்பாலும் ஓடைக்கரைகளிலும், சாஸ்தா கோயிலைச் சுற்றிய காவுகள் என்னும் கோயில் காடுகளிலும், சில பழைய தோட்டங்களின் மூலைகளிலும் மட்டுமே எஞ்சி நிற்கிறது. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைக்கு வரும் கோதையாற்று நீரும், நாஞ்சில் நாட்டு வயல்களும், எங்கள் ஊர்க் கிணறுகளும் இந்தச் சரிவுகள் மழையைப் பிடித்து நிறுத்தும் திறனை நம்பியே இருக்கின்றன.

முதலில் செய்த முடிவு, நிலத்தை மொத்தமாக வெட்டித் துப்புரவாக்குவதில்லை என்பது. புயலில் மரம் விழுந்து வெட்டவெளியான கீழ்ப்பாகத்தில் உடனே நடவு தொடங்கியது. ரப்பர் நிற்கும் நடுப்பாகத்தில் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு தொடரட்டும், அந்த வருமானம் கூலிக்கு உதவட்டும், நிழலும் கன்றுகளுக்குக் கிடைக்கட்டும் என்று விட்டுவைத்தோம். ஓடையோரத்தில் பழைய மரவெட்டியும் நாவலும் நின்ற மேல்பாகத்தில் கத்தியே வைக்கவில்லை. பொக்லைன் கொண்டு ஒரே நாளில் சமன்படுத்தித் தருவதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் சரிவில் மேல்மண் ஒரு முறை கிளறப்பட்டால் ஆனி, ஆடி மழையில் அது ஓடை வழியாகப் போய்விடும். அந்த மண் திரும்ப உண்டாக ஒரு தலைமுறை போதாது. விற்க முடியாத கொப்புகளையும் குறுந்தடிகளையும் சரிவுக்குக் குறுக்காக, பழைய படிமேடைகளின் விளிம்பில் அடுக்கினோம். முதல் மழையிலேயே அவற்றின் மேற்பக்கத்தில் சருகும் வண்டலும் தங்கத் தொடங்கின.

அடுத்தது கொடி. ரப்பர் தோட்டங்களில் களையை அடக்கவும் தழைச்சத்து சேர்க்கவும் மூடுபயிராகப் பயற்றினக் கொடிகளைப் போடுவது வழக்கம். அவற்றுள் மியூக்குனா பிராக்டியேட்டா என்ற வடகிழக்கு இந்தியக் கொடி எங்கள் பக்கத்து விளைகளில் வேலியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, காட்டு விளிம்பு மரங்களின் தலைவரை ஏறி நிற்கிறது. மாடும் அதை விரும்பித் தின்பதில்லை. எங்கள் நிலத்தில் வெயில் பட்ட இடமெல்லாம் அதுவே. வெட்டுக்கத்தியால் மேலே அறுத்துப் போட்டால் அறுத்த துண்டே மீண்டும் பிடித்துவிடும். மண்ணில் படும் கணு ஒவ்வொன்றிலும் அது வேர் விடுகிறது. ஆகவே தாய்த் தண்டைத் தேடிக் கண்டுபிடித்து, மம்பட்டியால் சுற்றி மண்ணை விலக்கி, தடித்த வேர்க்கட்டையைப் பெயர்த்தெடுத்துப் பாறை மேல் வெயிலில் காயப் போட வேண்டியிருந்தது. மரத்தின் மேலே ஏறிய கொடியை இழுக்கக் கூடாது. அடியில் வெட்டிவிட்டால் மேலே இருப்பது தானாகக் காய்ந்து உதிரும், இழுத்தால் இளங்கொப்பும் சேர்ந்து முறியும். இந்த ஒரு வேலைதான் இன்றுவரை முடியவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பின்பும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். நடவுக்கு ஆகும் செலவைவிடக் களைக்கு ஆகும் செலவு அதிகம் என்பதை, இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி விதை. வேம்பு, புங்கு, பூவரசு போன்ற கன்றுகள் எந்த நாற்றங்காலிலும் கிடைக்கும். வெள்ளைக் குங்கிலியமும் நாங்கும் காட்டு ஜாதிக்காயும் கேட்டால் பெரும்பாலான இடங்களில் கை விரிக்கிறார்கள். அதற்குத் தகுந்த காரணம் உண்டு. நெல்லையும் உளுந்தையும் காயவைத்துச் சேமிப்பது போல இந்த மரங்களின் விதைகளைச் சேமிக்க முடியாது. பெரிய விதை கொண்ட மழைக்காட்டு மரங்கள் பலவற்றில், விதை உதிரும்போதே ஈரம் நிறைந்து முளைக்கத் தயாராக இருக்கிறது. ஈரம் போனால் உயிரும் போகிறது. உலர்த்திக் குளிரில் வைக்கும் விதை வங்கி முறை இவற்றுக்குப் பொருந்தாது. தாய்மரம் நிற்க வேண்டும், அது காய்க்கும் ஆண்டாக இருக்க வேண்டும், காய் உதிரும் நாள்களில் ஆள் அங்கே போக வேண்டும், பொறுக்கியதை உடனே மண்ணில் இட வேண்டும். இந்த நான்கில் எது தவறினாலும் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரணாலயத்துக்குள் அனுமதியின்றி விதை பொறுக்குவது சட்டப்படி குற்றம், நாங்கள் அதற்குப் போகவில்லை. கோயில் காவு ஒன்றிலும், பழைய தோட்டம் ஒன்றின் ஓடைக்கரையிலும், சாலையோரத்திலும் நின்ற தாய்மரங்களை முந்தைய ஆண்டே குறித்து வைத்து, உரியவர்களிடம் கேட்டு, கீழே விழுந்ததை மட்டும் எடுத்தோம். மரங்களை அடையாளம் காட்டியவர் மலைமேல் குடியிருப்பைச் சேர்ந்த காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒருவர். குங்கிலிய விதையைச் சாக்கில் கட்டி மறுநாள் விதைக்கலாம் என்று நான் சொன்னபோது அவர் தடுத்தார். “மக்களே, இத சாக்குல கெட்டி வச்சா வெந்து போகும். எடுத்த அன்னைக்கே மண்ணக் காட்டணும்” என்றார். “செரி பாட்டா, இன்னைக்கே போட்டுருலாம்” என்று சொல்லி, ஈரச் சருகு பரப்பிய கடவப்பெட்டியில் அடுக்கி அன்று மாலையே கொண்டுவந்தோம்.

அந்த விதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதன் பொருள் விளங்கும். ஏறக்குறைய கோழிமுட்டை அளவுள்ள பழுப்புநிறக் காய், நுனியில் மூன்று மடலாக வெடிக்கிறது. மரத்தடியில் கிடக்கும்போதே பல காய்களில் வெடிப்பின் வழியாக வெளிறிய முளைவேர் வெளியே வந்து, சருகைத் துளைத்துக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கையில் எடுத்தால் கனம் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே ஈரமான சதை, லேசான பிசின் மணம். முளைவேரின் நுனி ஒடிந்தால் கன்று தேறுவது கடினம் என்பதால், அதைப் பொறுக்கும்போது இரண்டு கையாலும் சருகோடு சேர்த்து அள்ள வேண்டும். காற்றிலோ நீரிலோ நெடுந்தூரம் போகக்கூடிய அமைப்பு அந்தக் காயில் எதுவும் இல்லை. தாய்மரத்தின் குடைக்குக் கீழேயே விழுகிறது, சரிவானால் சற்று உருள்கிறது. நடுவில் ஒரு சாலையோ அன்னாசித் தோட்டமோ வந்துவிட்டால் அந்த மரத்தின் வம்சம் அதற்கு மேல் நகராது. மனிதக் கைதான் சுமந்து போக வேண்டும்.

நாங்கின் விதையிலும் எண்ணெய் மிகுதி, அதுவும் தாமதம் பொறுக்காது. காட்டு ஜாதிக்காயில் விதையைப் போர்த்தியிருக்கும் சிவந்த பத்திரியை நீக்கிவிட்டு இட வேண்டும். கருங்குங்கிலியம் இவற்றுக்கு நேர்மாறு: கல் போன்ற கொட்டை, மாதக்கணக்கில் அசைவின்றிக் கிடந்து ஒவ்வொன்றாக முளைக்கும். அயனியோ எளிது, சுளையைத் தின்றுவிட்டு விதையை அன்றே ஊன்றினால் போதும், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலையை மகிழ்ச்சியாகச் செய்தார்கள். வெடிப்பலாவை நாங்கள் எடுக்கவில்லை. அது இன்னும் உயரமான மலைக்காட்டின் மரம். எங்கள் உயரத்துக்கு உரியது அன்று. எந்த மரம் எந்த உயரத்தில், ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை எஞ்சிய காட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்தக் காட்டுத் துண்டுகளே இல்லாத ஊரில் யாரைப் போய்க் கேட்பது?

நாற்றங்காலை வீட்டுக் கிணற்றடியில் தென்னோலைப் பந்தலின் கீழ் அமைத்தோம். மண், மணல், மட்கிய சாணம் கலந்த பைகளில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி தாய்மரத்தடி மண்ணையும் சேர்த்தோம். குங்கிலியமும் தம்பகமும் சார்ந்த குடும்பத்து மரங்கள், தம் வேர்நுனியைப் போர்த்தி வாழும் பூஞ்சைகளின் துணையோடுதான் மண்ணிலிருந்து சத்தை எடுக்கின்றன. ரப்பரே பல்லாண்டுகள் நின்ற மண்ணில் அந்தப் பூஞ்சை இருக்கும் என்று நம்புவதற்கில்லை. அந்த ஒரு பிடி மண் சேர்த்த கன்றுகள் இலை நிறத்திலேயே வேறுபட்டுத் தெரிந்தன. உயரமான பைகளைத் தேர்ந்தெடுத்ததும் நல்லதாயிற்று. ஆணிவேர் விரைவில் அடியைத் தொட்டுச் சுருளும் இயல்புடையது. நடுவதற்கு முந்தைய மாதம் பந்தலின் ஓலையைச் சிறிது சிறிதாக விலக்கி வெயிலுக்குப் பழக்கினோம்.

நடவைத் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்த பிறகு தொடங்குவதே எங்கள் பகுதிக்கு ஏற்றது. ஆனியில் நட்ட கன்றுக்கு ஆடிச் சாரலும், பின்பு ஐப்பசி, கார்த்திகை மழையும் கிடைத்துவிடும்; தையில் வறட்சி தொடங்குவதற்குள் வேர் ஆழம் போய்விடுகிறது. ஒன்றரை அடிக் குழி, கன்றுக்குக் கன்று சுமார் இரண்டு மீட்டர் இடைவெளி, ஒரே இனம் அடுத்தடுத்து வராத கலப்பு. வெட்டவெளியில் முதல் ஆண்டு குங்கிலியத்தை வைக்கவில்லை. அங்கே பூமருதும் ஏழிலைப்பாலையும் அயனியும் முதலில் போயின. அவற்றோடு போட்டியிட்டுக்கொண்டு வட்டக்கண்ணி தானாகவே முளைத்து, இரண்டாம் மழைக்குள் ஆள் உயரத்தைத் தாண்டியது. வேலையாள் ஒருவர் அதைக் களை என்று வெட்டப் போனார், நிறுத்தச் சொன்னேன். அகன்ற இலையால் விரைவாக நிழல் விரித்து, பிற்பாடு மற்ற மரங்களுக்கு வழிவிட்டு மடியும் மரம் அது. குங்கிலியமும் நாங்கும் அந்த நிழலுக்குள்தான் நடப்பட்டன.

ரப்பர் நிற்கும் நடுப்பாகத்தில் ஒரு சிக்கல் உண்டு. இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. பசுமை மாறாக் காட்டு மரங்களுக்கு நிழல் தர நாம் நம்பியிருக்கும் ரப்பர், ஆண்டுதோறும் மார்கழி, தை வாக்கில் இலையை முழுவதும் உதிர்க்கிறது. மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கும் அதே வாரங்களில் கன்றுகளின் தலைக்கு மேல் கூரை இல்லாமல் போகிறது. அதற்கு மாற்றாக, உதிர்ந்த ரப்பர் இலையையே கூட்டி, தண்டிலிருந்து ஒரு கை தள்ளி வளையமாகக் கனமாகப் பரப்பினோம். ஒவ்வொரு கன்றுக்கும் தென்மேற்குப் பக்கத்தில் ஒரு தென்னோலைக் கீற்றைச் சாய்த்து ஊன்றினோம். மாசி முடிவில் ரப்பர் மீண்டும் தளிர்த்து நிழல் கூடியதும் ஓலைகள் அங்கேயே மட்கட்டும் என்று விட்டோம். கன்றுகள் நெஞ்சு உயரம் வந்த வரிசைகளில் ரப்பரை வெட்டிச் சாய்க்காமல், முழங்கால் உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்துவிடுகிறோம். மரம் நின்றபடியே மெல்லக் காய்வதால் வெளிச்சம் படிப்படியாகக் கூடுகிறது, கீழே உள்ள கன்றுகளும் நசுங்குவதில்லை. உரித்த இடத்துக்குக் கீழே துளிர் கிளம்பும், அதை ஒடித்துவிட வேண்டும். ஆள் நடக்கும் பாதையோரத்தில் மட்டும் இந்த முறை வேண்டாம். காய்ந்த ரப்பர் காற்றில் சட்டென்று முறியும். ஆடி, ஆவணியில் ரப்பர்க் காய் வெடித்துச் சிதறும் விதைகளும் எங்கும் முளைக்கும், அவற்றையும் பறித்தாக வேண்டும்.

மிளா மான் வந்து தளிரைக் கடிக்கிறது, முள்ளம்பன்றி அடிப்பட்டையைச் சுரண்டுகிறது, காட்டுப்பன்றி புதிதாகக் கிளறிய மண்ணை உழுது போடுகிறது. முள்கொப்புகளைக் கன்றைச் சுற்றி ஊன்றியதும், இழப்பை ஈடுகட்டக் கூடுதலாகக் கன்று வளர்த்து வைத்ததும்தான் நாங்கள் செய்த பாதுகாப்பு. மின்கம்பியைப் பற்றி நினைக்கவே கூடாது. காட்டைத் திரும்ப வரச் சொல்லிவிட்டுக் காட்டு உயிரைக் கொல்லும் வேலியைக் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

ரப்பரைப் பழிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டுச் சோறு பல்லாண்டுகள் அதிலிருந்துதான் வந்தது. அந்த மரமும் ஒரு மழைக்காட்டின் பிள்ளை என்பதைத்தான் நினைவுபடுத்த விரும்புகிறேன். அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் மற்ற இனங்களுக்கிடையே தனித்தனியாகச் சிதறி நிற்கின்றன. அங்கேயே அவற்றைத் தோட்டமாக நெருக்கி வளர்க்க ஃபோர்டு நிறுவனம் 1928-இல் தொடங்கிய முயற்சியில், இலைக்கருகல் நோய் மரத்துக்கு மரம் தாவித் தோட்டங்களை அழித்தது. 1945-இல் அந்த நிலம் பிரேசில் அரசிடமே திரும்பியது. ரப்பர் விதையும் நெடுநாள் உயிர் தாங்காதது. 1876-இல் அங்கிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கப்பலில் போன சுமார் 70,000 விதைகளில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவாகவே முளைத்தன. அதே அமேசானில், பால்வெட்டுத் தொழிலாளர்கள் தங்கள் பிழைப்பு காடு நின்றால்தான் நிற்கும் என்று உணர்ந்து மரம் வெட்டும் கூட்டத்தின் குறுக்கே நின்றார்கள். அவர்களின் தலைவர் சிக்கோ மென்டஸ் 1988 டிசம்பர் 22 அன்று கொல்லப்பட்டார். அங்கே காட்டைக் காக்க முன்னின்ற தொழிலையே இங்கே நாம் காட்டை அழித்து வளர்த்தோம் என்பது என் மனத்தை உறுத்துகிறது.

இப்போது கீழ்ப்பாகத்தில் வட்டக்கண்ணியும் பூமருதும் கூரை கட்டிவிட்டன. அதன் கீழ்க் கொடி வலுவிழந்து நிற்கிறது, வெயில் இல்லாத இடத்தில் அதற்குப் பிடிப்பில்லை. குங்கிலியங்கள் இன்னும் சிறியவை. ஆண்டுக்குச் சில அடுக்கு இலை மட்டும் விட்டு நிதானமாக ஏறுகின்றன, தளிர் விடும்போது இலை செந்நிறமாக இருக்கும். ஓடைக்கரைப் பாறை ஒன்றில் மரநாய் தொடர்ந்து எச்சமிடுகிறது. அதில் நாவலும் கொடம்புளியும் நாங்கள் நடாத வேறு சில விதைகளும் இருந்தன. பாறையின் சுற்றுப்புறத்தில் அவற்றின் நாற்றுகளைக் காண முடிகிறது. அந்த விலங்கு எஞ்சிய காட்டிலிருந்து ஓடைக்கரை மரங்களின் வழியாக எங்களிடம் வருகிறது. ஓடைக்கரையில் மரத்தொடர்ச்சி இல்லாமல் போயிருந்தால் அந்த உதவியும் இருந்திருக்காது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையிலான காட்டுத் துண்டுகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் மீட்பு வேலையும், எஞ்சிய துண்டுகளைக் காப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்து நான் பெற்றிருப்பது ஓர் இளம் மரத்தொகுதி. ஓடைக்கு அப்பால் நிற்கும் காட்டுக்கு அது இன்னும் எந்த வகையிலும் ஈடாகாது. எஞ்சிய காட்டுத் துண்டுகளில் ஒரு தாய்மரம் விழுந்தால், விதையில்லாமல் எங்கள் நாற்றங்காலில் ஒரு வரிசை காலியாகும்.

வருமானத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நடுப்பாகத்துப் பால்வெட்டும், மரங்களில் ஏற்றிய நல்லமிளகும், கொஞ்சம் கொடம்புளியும் செலவைத் தாங்குகின்றன. லாபம் என்று சொல்வதற்கில்லை. அண்டை விளைக்காரர்களின் தயக்கம் வேறு. பட்டா நிலத்தில் காட்டு மரம் வளர்ந்தால், 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிலம் வந்துவிடுமோ, விற்கவோ வெட்டவோ பிறகு ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டுமோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. தாமாக முன்வந்து காட்டு மரம் வளர்ப்பவரின் உரிமை என்ன என்பதை அரசு தெளிவாக எழுதித் தந்தால், இந்தச் சரிவில் பலர் ஓடைக்கரையையாவது விட்டுக்கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்போதைக்குக் கீழ்ப்பக்கத்து விளைக்காரர் ஒருவர் தம் ஓடைக்கரையில் பத்து மீட்டர் அகலத்துக்கு ரப்பரை மறுநடவு செய்யாமல் விட ஒப்புக்கொண்டிருக்கிறார். வருகிற ஆனியில் அங்கே மரவெட்டியும் அசோகும் பூமருதும் போகும். கன்றுகள் பையில் தயாராக இருக்கின்றன. குங்கிலியத்துக்கு, காவில் நிற்கும் தாய்மரம் இந்த ஆண்டு பூத்திருக்கிறதா என்று மாசியில் பார்த்துவிட்டுத்தான் பை நிரப்ப வேண்டும்.